அமுக்கி அனுப்புங்க, ஆனா பார்த்து அனுப்புங்க

2023 டிசம்பர் 17, 18-ஐ நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை. தூத்துக்குடித் தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர். எனக்குத் தெரிஞ்ச ஒரு அண்ணன் ஆபீஸ்ல கம்ப்யூட்டரும் நனைஞ்சுது, அதே மேஜையில இருந்த பேக்கப் டிஸ்க்கும் நனைஞ்சுது. ஒரே அறையில் ரெண்டு காப்பி இருந்தாலும் வெள்ளத்துக்கு அது ஒண்ணுதான்.

"மதுரையில ஒரு சர்வர் வச்சு ரெப்ளிகேட் பண்ணலாமே அண்ணே?" என்றேன். "நம்ம லைன் தாங்குமா தம்பி?" என்றார்.

கணக்கு போடுங்க. 100 ஜிபி டேட்டா, 20 எம்பிபிஎஸ் அப்லோட் என்றால் 40,000 வினாடி. அதாவது 11 மணி நேரத்துக்கு மேல். இரவு 10 மணிக்கு ஆரம்பிச்சா காலையில ஆபீஸ் திறக்கும்போதும் ஓடிக்கிட்டிருக்கும். மூணில் ஒரு பங்கா சுருக்கினா ராத்திரி ரெண்டு மணிக்குள்ள முடிஞ்சிரும். டேட்டாபேஸ், லாக் ஃபைல் மாதிரி எழுத்தும் எண்ணும் திரும்பத் திரும்ப வர்ற டேட்டாவில் இது நடக்கக்கூடியதுதான். அதுவும் முழுசா அனுப்புறது முதல் தடவை மட்டும்தான்; பிறகு மாறினதை மட்டும் அனுப்பினா போதும்.

இந்த வேலை நம்ம ஊருக்குப் புதுசில்ல. 19-ஆம் நூற்றாண்டிலேயே திருநெல்வேலிப் பருத்தியை பிரஸ்ஸில் அமுக்கி, பேல் கட்டித்தான் இங்கே கப்பல் ஏத்தினாங்க. கட்டைப் பிரிச்சா திரும்பவும் பஞ்சு. முத்துக்குளிப்பு அப்படி இல்ல. சிப்பியைக் கழிச்சுட்டு முத்தை மட்டும் எடுப்பாங்க. ரெப்ளிகேஷனில் ஒரு பிட்டைக்கூட கழிக்க முடியாது. அதனால் லாஸ்லெஸ் கம்ப்ரஷன் மட்டும்தான்.

ஆனா எல்லாத்துக்கும் கண்ணை மூடிக்கிட்டு 'கம்ப்ரஷன் ஆன்' போடுறதை நான் ஏத்துக்க மாட்டேன். ஜேபெக் போட்டோ, வீடியோ, ஜிப் எல்லாம் ஏற்கெனவே கட்டின பேல். மறுபடி அமுக்கினா சிபியு சூடாகுமே தவிர சைஸ் குறையாது. என்கிரிப்ட் செய்த டேட்டாவும் அப்படித்தான். அதனால முதல்ல சுருக்குங்க, பிறகு பூட்டுங்க. லைன் வேகமா, சிபியு பலவீனமா இருந்தா எல்இசட்4 போதும். லைன்தான் மெதுவு என்றால் இசட்ஸ்டாண்டர்ட் கூடுதலா சுருக்கும்.

கடைசியா ஒண்ணு. அனுப்பினதோட விட்டுடாதீங்க, திரும்ப எடுத்துப் பிரிச்சுப் பாருங்க. பிரியாத பேல் யாருக்கு உதவும்? அடுத்த ஐப்பசி மழைக்கு முன்னாடி, உங்க அப்பா கடைக் கணக்கோ உங்க ப்ராஜெக்டோ, ஒரு காப்பி ஊரைத் தாண்டி இருக்கட்டும்.