பெயர்ப்பட்டியலில் இருந்தால் போதுமா?

மாத்தளை மாவட்டத்தின் வஹாகோட்டை புனித அந்தோனியார் ஆலயத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் தோன்றுவது திருவிழாக் கூட்டமன்று, மூப்பர்கள். கரையோரத்தில் ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல் இலங்கை வந்த புனித யோசேப் வாஸ் அடிகளாரும் அவர் வழிவந்தோரும் ஊரூராக மூப்பர்களையும் அண்ணாவிமாரையும் நம்பியே பணிசெய்தார்கள். குருவானவர் வரும்வரை செபம் சொன்னவர்களும் நோயாளியைத் தேடிச் சென்றவர்களும் இந்தப் பொதுநிலை ஆண்களே.

1833இல் பாரிஸில் இருபது வயது மாணவரான பிரெடெரிக் ஓசானாம் தோழர்களுடன் தொடங்கியதே புனித வின்சென்ட் டி போல் சபை. அதன் உயிர்நாடி கூட்டமோ அறிக்கையோ அன்று. இருவர் இருவராக ஏழையின் வீட்டுக்குச் செல்வது. கூட்டத்தில் கைமாறும் பையில் யார் எவ்வளவு போட்டார் என்பதும் வெளியே தெரியாது.

பத்திரிகைக்காரனாகச் சங்கங்களின் ஆண்டறிக்கைகள் பலவற்றைப் படித்திருக்கிறேன். அங்கத்தவர் தொகை இருக்கும். பொன்னாடை, கொடி, விருந்து எல்லாம் இருக்கும். எத்தனை வீட்டுக் கதவுகளைத் தட்டினார்கள் என்பது மட்டும் பெரும்பாலும் இராது.

2025 நவம்பரில் டித்வா சூறாவளி மலையகத்தை உலுக்கியபோது மாத்தளையும் தப்பவில்லை. நிவாரணப் பொதி ஒருநாள் வரும், மறுநாள் முடியும். லயத்தில் தனித்திருக்கும் முதியவருக்குத் தேவை, மறுவாரமும் வந்து விசாரிக்கும் ஒரு மனிதர்.

இளைஞர்கள் சேர்வதில்லை என்று மூத்தோர் குறைப்படுகிறார்கள். நாற்காலி அடுக்கவும் கொடி கட்டவும் மட்டும் அழைத்தால் யார் வருவார்? நோயாளியின் வீட்டுக்கு அவர்களையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். பிறகு பாருங்கள்.