இன்சுலினை ஐஸில் புதைக்காதீர்கள்

தருவைகுளத்திலிருந்து மணப்பாடு வரையுள்ள கடற்கரை ஊர்களில் சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்பவர்கள், அவர்கள் வீட்டார், மருந்துக் கடைகளிலும் சுகாதார நிலையங்களிலும் வேலை பார்ப்பவர்கள் எனப் பலர் கூடி எழுதும் வேண்டுகோள் இது. ஐஸைப் பற்றி இந்தக் கரையில் யாரும் யாருக்கும் பாடம் நடத்த வேண்டியதில்லை. சீலாவும் விளமீனும் ஏலத்துக்கு வரும்வரை கெடாமல் இருப்பது ஐஸால்தான். ஐஸில் கஞ்சத்தனம் பார்த்தவருக்கு விலையில் அடி விழும். குளிரக் குளிர நல்லது என்பது நம் கையில் ஊறிப்போன கணக்கு. அந்தக் கணக்கை அப்படியே இன்சுலினுக்கும் போட்டுவிடுகிறோம் என்பதுதான் எங்கள் கவலை. மீனுக்குச் சரியாக வரும் கணக்கு இந்த மருந்துக்குத் தப்பாகிறது. வெயில் இன்சுலினை மெல்லத்தான் கெடுக்கும். உறைந்துபோனால் ஒரே ராத்திரியில் கெட்டுவிடும், பிறகு சரிசெய்ய வழியே கிடையாது.

இன்சுலின் ஒரு புரதம். உறையும்போது அதன் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன. உருக வைத்தாலும் பழையபடி பிரிவதில்லை. பால்போல் கலங்கலாக இருக்கும் வகையில் இதைச் சில சமயம் கண்ணாலேயே பார்க்கலாம். உள்ளங்கைகளுக்கு நடுவே குப்பியை உருட்டினால் ஒரே சீராக வெளுக்க வேண்டிய மருந்தில் திரிதிரியாக மிதக்கும், அல்லது கண்ணாடியின் உட்புறம் உப்புப் பூத்ததுபோல் ஒட்டிக்கொண்டு நிற்கும். தெளிவாக இருக்கும் வகையில் அந்த அடையாளமும் தெரியாமல் போகலாம். குப்பி பார்க்க நன்றாகவே இருக்கும், அளவும் சரியாகவே ஏற்றியிருப்பார்கள், சர்க்கரை மட்டும் இறங்காது. வீட்டில் சோற்றைக் குறை சொல்வார்கள், டாக்டர் அளவைக் கூட்டுவார். கூட்டிய அளவோடு அடுத்த மாதம் நல்ல குப்பி வந்து சேர்ந்தால் சர்க்கரை தடாலென்று இறங்கி ஆள் மயங்கி விழுவார். கெட்ட மருந்தைவிட, கெட்டது தெரியாத மருந்துதான் அதிக ஆபத்து.

'ஐஸ் என்றால் பூஜ்ஜியம் டிகிரிதானே, உருகிக்கொண்டிருக்கும் ஐஸில் மருந்து எப்படி உறையும்?' என்று விவரம் தெரிந்த சிலர் கேட்கிறார்கள். நல்ல கேள்விதான். நன்னீர் ஐஸ், அதுவும் உருகுகிற ஐஸ் மட்டும் என்றால் அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஆலையிலிருந்து இறங்கும் பார் ஐஸ் பூஜ்ஜியத்துக்கும் கீழே இருக்கும். அதோடு உப்பு சேர்ந்தால் கதையே வேறு. குல்ஃபி விற்பவர் பானையில் ஐஸோடு கல் உப்பைப் போடுவது ஏன்? உப்பு சேர்ந்த ஐஸ் பூஜ்ஜியத்துக்கு வெகு கீழே இறங்கிப் பாலையே கல்லாக்கும் என்பதால்தான். கடல்நீர் தெறிக்கும் படகின் ஐஸ் பெட்டியிலும், மீன் வந்த தெர்மாகோல் பெட்டியிலும் நடப்பது அதுவேதான். உப்பும் ஐஸும் இவ்வளவு மலிவாகக் கிடைக்கும் ஊரில் இன்சுலின் உறைவதற்கான வாய்ப்பும் அதிகம்.

வீட்டு ஃபிரிட்ஜுக்கு வருவோம். பெரும்பாலான வீடுகளில் இருப்பது ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ். மேலே ஃபிரீசர், அதற்குக் கீழே ஒரு தட்டு. சில் ட்ரே என்பார்கள்; இறைச்சியும் மீனும் பாலும் வைப்பது அங்கேதான். மருந்து விலை கூடியது, பத்திரமாக இருக்கட்டும் என்று இன்சுலினையும் அங்கேயே வைக்கிறார்கள். பெட்டிக்குள் உறைநிலைக்கு மிக அருகில் இருப்பது அந்தத் தட்டுதான். பின்சுவரை ஒட்டிய இடமும் அப்படியே. கத்தரிக்காய் அங்கே ஒட்டி உறைந்து கிடப்பதைப் பார்க்காத வீடு இல்லை. இது நம்மூர்ப் பிரச்சினை மட்டுமல்ல. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சர்க்கரை நோயாளிகள் வீடுகளில் இன்சுலின் பக்கத்தில் வெப்ப உணரிகளை வைத்துப் பார்த்த ஓர் ஆய்வின் முடிவு 2018-இல் வெளிவந்தது. ஃபிரிட்ஜில் இருந்த மருந்து ஒரு நாளில் சராசரியாக இரண்டரை மணி நேரம் 2 முதல் 8 டிகிரி என்ற வரம்புக்கு வெளியே இருந்தது. ஆறில் ஒரு உணரி பூஜ்ஜியத்துக்கும் கீழே காட்டியது. மின்சாரம் நிற்காத, வெயில் கொளுத்தாத வீடுகளின் நிலையே அது. ஆகவே மூடிபோட்ட ஒரு டப்பாவில் மருந்தை வைத்து, டப்பாவை நடுத்தட்டில் முன்பக்கமாக வையுங்கள். அங்கே இடமில்லை என்றால் கதவுத் தட்டு போதும். கதவைத் திறந்து மூடும்போது சூடு ஏறி இறங்குமே என்றால், உண்மைதான். ஆனால் உறைவதோடு ஒப்பிட்டால் அது சின்னத் தொந்தரவு. ஃபிரிட்ஜுக்குள் வைக்கும் சின்ன வெப்பமானி ஒன்றை வாங்கிப் போட்டால் இந்த ஊகம் எதுவும் தேவையில்லை.

'பெட்டியில் 2 முதல் 8 டிகிரி என்று அச்சடித்திருக்கிறது, ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் என்ன செய்வது?' என்பதுதான் எங்களிடம் அதிகம் வரும் கேள்வி. அந்த அளவு, பிரிக்காத மருந்து காலாவதித் தேதிவரை கெடாமல் இருப்பதற்கானது. ஊசி ஏற்றத் தொடங்கிய குப்பிக்கும் பேனாவுக்கும் அதே பெட்டியிலுள்ள தாள் வேறு கணக்கு சொல்கிறது: 25 அல்லது 30 டிகிரிக்குள், நேர் வெயில் படாமல், பெரும்பாலான வகைகளை நான்கு வாரம் வெளியே வைக்கலாம். அந்தத் தாளை யாரும் பிரித்துப் படிப்பதில்லை. எழுத்தின் அளவைப் பார்த்தால் படிக்கக் கூடாது என்றே அச்சடித்ததுபோல் இருக்கிறது. 30 டிகிரியைத் தாண்டினால்? கென்யாவின் தாதாப் அகதி முகாமில் வீட்டுக்குள் 25-க்கும் 37-க்கும் இடையே வெப்பம் ஏறி இறங்குவதை அளந்தது எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு. அதே ஏற்ற இறக்கத்தை ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வகத்தில் நான்கு வாரம் உண்டாக்கிச் சோதித்தபோது, இன்சுலினின் வீரியம் ஒரு விழுக்காட்டுக்கு மேல் குறையவில்லை. இது 2021-இல் வெளியானது. 2023-இல் காக்ரேன் அமைப்பு கிடைத்த சான்றுகளையெல்லாம் திரட்டிப் பார்த்தது. குறிப்பிட்ட சில மனித இன்சுலின் வகைகளைப் பிரிக்காத நிலையில் 25 டிகிரியில் ஆறு மாதம், 37 டிகிரியில் இரண்டு மாதம் வரை வைத்தாலும் பலன் சொல்லும்படி குறையவில்லை என்பது அதன் முடிவு.

இதைப் படித்துவிட்டு மருந்தை ஜன்னலோரம் வைக்கலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 37 என்பது நிழலிலுள்ள வீட்டுக்குள். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் பரண்மேல், டிவி பெட்டியின் தலையில், வெயிலில் நிற்கும் வண்டியின் சீட்டுக்கு அடியில் வெப்பம் அந்த எல்லையை எங்கேயோ தாண்டிவிடும். இந்தத் தளர்வு இன்சுலினுக்கு மட்டுமே என்பதையும் சொல்லிவிட வேண்டும். டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் ரத்தம் ஊறப் போட்டுக்கொள்ளும் எரித்ரோபாய்ட்டின் போன்ற ஊசிகளை வெளியே வைத்துவிட்டு, இன்சுலின் தாங்குமே என்று நினைக்கக் கூடாது. மருந்துக்கு மருந்து கணக்கு வேறு. உறையக் கூடாது என்பதில் மட்டும் இரண்டும் ஒன்று.

ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டுக்குப் பானை இருக்கிறது. பெரிய மண்பானையில் ஈர மணல், அதற்குள் சின்னப் பானை, அதற்குள் திருகுமூடி டப்பாவில் மருந்து, மேலே ஈரத் துணி. 'கடற்கரைக் காற்றே ஈரக்காற்று, இங்கே பானை குளிராது' என்று தள்ளிவிடுகிறவர்களுக்கு ஊரைச் சுற்றியுள்ள உப்பளங்களைத்தான் காட்ட வேண்டியிருக்கிறது. பாத்தியில் கட்டிய நீர் காற்றில் போய்விடுவதால்தானே உப்பு விளைகிறது? தண்ணீர் அவ்வளவு வேகமாகக் காயும் ஊரில், பானையின் மேல் கசியும் தண்ணீரும் காயும், காயும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் பானை நன்றாகவே வேலை செய்யும். மழைக்காலத்தில் செய்யாது, ஆனால் அப்போது வீடே குளிர்ந்து கிடக்கும். சிக்கல் எல்லாம் காற்று அசையாமல் புழுங்கும் கோடை நாட்களில்தான். அந்த நாட்களில் பிரிக்காத குப்பிகளைப் பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜில் கொடுத்து வைத்துவிட்டு, நடப்புக் குப்பியை மட்டும் பானையில் வையுங்கள். நல்ல தண்ணீராக ஊற்றுங்கள். நம்மூர் ஆழ்துளைக் கிணற்று உப்புத்தண்ணீர் பானையின் துளைகளை அடைத்துவிடும். ஒரு மாதத்தில் அது வெறும் சட்டியாகிவிடும்.

2023 டிசம்பரை இங்கே நினைவுபடுத்தாமல் முடியாது. 17-ஆம் தேதி பிடித்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு 800 பேர் சிக்கிக்கொண்டார்கள். தாமிரபரணிக் கரை ஊர்கள் பல துண்டிக்கப்பட்டன, மின்சாரம் நாள்கணக்கில் இல்லை. அப்படி ஒரு வேளையில் 'கரண்ட் இல்லை, இன்சுலின் போயிருக்கும்' என்று குப்பியைத் தூக்கிப் போடுவதும், ஊசியையே நிறுத்துவதும்தான் மிகப் பெரிய தவறு. வடகிழக்குப் பருவமழை அடைத்துப் பெய்யும் நாளில் வீட்டுக்குள் 30 டிகிரியைத் தாண்டுவது அபூர்வம். அந்த வாரம் முழுக்க மருந்து மேசைமேல் இருந்தாலும் கெடாது. கெடுத்தால் வெள்ளநீர்தான் கெடுக்கும். சாக்கடை கலந்த தண்ணீரில் மூழ்கிய குப்பியையும் பேனாவையும் மாற்றியே ஆக வேண்டும். ஆகவே தண்ணீர் ஏறுவதற்கு முன்பே ஆதார் அட்டையோடும் நகையோடும் இன்சுலின் டப்பாவும் மேலே போகட்டும். மாதந்தோறும் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தும் நாளிலும் பதறத் தேவையில்லை. கதவைத் திறக்காமல் வைத்திருந்தால் ஃபிரிட்ஜ் சில மணி நேரம் குளிரைப் பிடித்துவைத்திருக்கும். முதல் நாள் ராத்திரியே மருந்தை ஃபிரீசருக்கு மாற்றி வைப்பதுதான் கேடு.

'வீரியம் இருக்கிறதோ இல்லையோ, சந்தேகமான மருந்தைப் போடுவதைவிடப் போடாமல் இருப்பது மேல்' என்று சிலர் வாதிடுகிறார்கள். இதை முழுக்க மறுக்கிறோம். முதல் வகை சர்க்கரை நோயுள்ள குழந்தைக்கு இன்சுலின் நின்றால் ஓரிரு நாளில் ரத்தத்தில் அமிலம் ஏறி உயிருக்கே முடியும். கொஞ்சம் வீரியம் குறைந்த மருந்து சர்க்கரையைக் கூட்டும். மருந்தே இல்லாமை ஆளைக் கொல்லும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பேரிடர் நேரத்துக்குச் சொல்வதும் இதுதான்: வேறு வழியில்லை என்றால் சூடுபட்ட இன்சுலினையும் போட்டுக்கொள்ளலாம், நல்ல மருந்து கிடைத்ததும் பழையதை எறிந்துவிட வேண்டும். இடையில் குளுக்கோமீட்டரில் அடிக்கடி சர்க்கரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சூடுபட்டதற்குத்தான் இந்தச் சலுகை. உறைந்ததற்கு இல்லை.

இனி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறோம். ஃபிரிட்ஜ் உள்ளவர்கள், இல்லாத பக்கத்து வீட்டாரின் பெயர் எழுதிய ஒரு டப்பாவுக்கு நடுத்தட்டில் இடம் கொடுங்கள். அது எட்டணா மின்சாரம்கூட ஆகாத உதவி. மருந்துக் கடைக்காரர்கள் இன்சுலினை ஐஸ் கட்டியோடு சேர்த்துக் கட்டிக் கொடுக்க வேண்டாம். குளிர்ப்பையை ஒரு காகிதத்தில் சுற்றி, மருந்து அதில் நேராகப் படாதபடி கொடுங்கள். கூடவே குப்பியில் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டி, பிரித்த தேதியை எழுதச் சொல்லுங்கள். நம் அரசு மருத்துவமனைகளில் கொடுக்கும் 10 மில்லி குப்பியில் 400 யூனிட் இருக்கிறது. நாளைக்கு 10 யூனிட் மட்டும் போடுகிறவருக்கு அது 40 நாள் வரும், நான்கு வாரக் கெடுவைத் தாண்டிவிடும். தேதி எழுதாவிட்டால் அவருக்கே தெரியாது. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாக மாத்திரை கொண்டுவரும் அக்காமார், கொடுத்துவிட்டுக் கிளம்புமுன் 'இன்சுலினை எங்கே வைத்திருக்கிறீர்கள்?' என்று ஒரு வார்த்தை கேட்டு, அந்த இடத்தைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போனால் இந்த வேண்டுகோளில் பாதிக்குத் தேவை இருக்காது. பங்குக் கோயில்களும் ஜமாஅத்துகளும் வெள்ள நிவாரணப் பட்டியலில் அரிசி, பால்பவுடரோடு இன்சுலினையும் சிரிஞ்சையும் குளுக்கோமீட்டர் பட்டையையும் அக்டோபருக்கு முன்பே சேர்த்துவிடட்டும்.

படகு உரிமையாளர்களிடம் தனியாக ஒன்று. காலையில் போய் ராத்திரி திரும்பும் விசைப்படகில் போகிறவர் ஊசியை வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம். நாள்கணக்கில் கடலில் தங்கும் படகில் போகிறவருக்கு மருந்தும் கூடவே வந்தாக வேண்டும். அங்கே அவருக்கு இரண்டு இடம்தான் இருக்கிறது: என்ஜின் சூடு அடிக்கும் அறை, அல்லது மீனும் ஐஸும் கிடக்கும் கிடங்கு. இரண்டுமே ஆகாது. வாயகன்ற ஒரு ஃபிளாஸ்க் வாங்கி, குப்பியை ஈரத் துணியில் சுற்றி அதற்குள் போட்டு, நிழலான இடத்தில் ஆடாமல் கட்டிவையுங்கள். பேனா என்றால் ஊசியைக் கழற்றிவிட்டு வைக்கச் சொல்லுங்கள். மாட்டியே வைத்தால் சூட்டில் மருந்து கசியும், காற்றும் உள்ளே ஏறும். துணியை நனைக்க நல்ல தண்ணீர் ஒரு பாட்டில் தனியாக இருக்கட்டும். அந்த ஃபிளாஸ்க்கில் ஐஸ் போட வேண்டாம் என்பதைப் படகில் சமைக்கிற பையன் வரைக்கும் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள். நல்லது செய்வதாக நினைத்து ஒரு கைப்பிடி அள்ளிப் போடுகிறவர் அவராகத்தான் இருப்பார்.