சாலை மூடப்பட்டால் பொறுப்பு யாருடையது?

ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடிகிறது தேசிய நெடுஞ்சாலை 44. சுமார் 3,700 கிலோமீட்டர் நீளமுள்ள இதுவே இந்தியாவின் மிக நீண்ட நெடுஞ்சாலை. மதுரை, நாமக்கல், சேலம், ஓசூர் வழியாக வடக்கே செல்லும் இச்சாலையே ஜம்முவையும் காஷ்மீர்ப் பள்ளத்தாக்கையும் இணைக்கிறது. சமவெளியில் அகன்று செல்லும் சாலை, மலைக்குள் நுழைந்ததும் ஒருபுறம் செங்குத்தான சரிவும் மறுபுறம் ஆழ்ந்த பள்ளமுமாக ஒடுங்கிவிடுகிறது.

2025 ஆகஸ்டு இறுதியில் பெய்த பெருமழையால் இம்மலைச்சாலையில் பல இடங்களில் மண் சரிந்தது. உதம்பூர்ப் பகுதியில் சாலையின் ஒரு பகுதியே சரிவுக்குள் மறைந்தது. மீண்டும் வழி திறந்தபோதும் முதலில் சிறு வாகனங்களே அனுமதிக்கப்பட்டன. அதுவோ ஆப்பிள் அறுவடைக் காலம். ஆயிரக்கணக்கான சரக்குந்துகள் வரிசையில் நின்றன. ஓராண்டு உழைப்பின் பயனான பழங்கள் பெட்டிகளுக்குள்ளேயே அழுகின. செப்டம்பரில் பட்காமிலிருந்து தில்லிக்குத் தொடங்கப்பட்ட சரக்கு ரயில் சேவை ஓரளவு துணைநின்றது. ஆயினும், ஒரு ரயில் அத்தனை சரக்குந்துகளுக்கும் ஈடாகுமா?

“இயற்கையின் சீற்றத்திற்கு யார் என்ன செய்ய இயலும்?” என்று கேட்போர் உண்டு. மழையை நிறுத்த எவராலும் இயலாது என்பது உண்மையே. ஆனால், மலையின் அடிப்பகுதியை வெட்டிச் சாலையை அகலப்படுத்தினால் மேலுள்ள மண் பிடிமானத்தை இழக்கும். அதனுள் மழைநீர் புகுந்தால் சரியும். எனவே, வெட்டிய சரிவைத் தாங்கும் சுவரும் நீர் வடியும் வழியும் சாலையின் பகுதிகளாகவே கருதப்பட வேண்டும். 2017இல் திறக்கப்பட்ட செனானி–நஷ்ரி சுரங்கப்பாதையும் 2021இல் திறக்கப்பட்ட பனிஹால்–காசிகுண்ட் சுரங்கப்பாதையும் பனி மூடும் உயரங்களைத் தவிர்த்துச் செல்கின்றன. திட்டமிட்டால் இடரைக் குறைக்கலாம் என்பதற்கு இவையே சான்று.

இடர் நேர்ந்தபின் செய்ய வேண்டியவையும் உள்ளன. வளைவிலும் சரிவிலும் வாகனங்களை நிற்கவிடுவது தவறு; முந்தைய நகரிலேயே நிறுத்த வேண்டும். அங்கே குடிநீரும் உணவும் கழிப்பறையும் மருத்துவமனையும் கிடைக்கும். வழி திறந்ததும் நோயாளிகளுக்கும், அழுகும் பொருள்களை ஏற்றிய வண்டிகளுக்கும் முதலிடம் தர வேண்டும். எப்போது திறக்கும் என்பதைக் காத்திருப்போர்க்கு அவ்வப்போது அறிவிப்பதும் கடமையாகும்.

பயணிகளுக்கும் பொறுப்பு உண்டு. பொறுமையிழந்த ஒருவர் வரிசையை விட்டு விலகி முந்துகிறார். அவரைப் பார்த்துப் பத்துப் பேர் பின்தொடர்கின்றனர். எதிர்த்திசைக்குரிய பாதையும் அடைபடுகிறது. அதன்பின் மண்ணை அகற்ற வரும் எந்திரமும் அவசர ஊர்தியும் எவ்வழியே செல்லும்? முந்தியவரும் அங்கேயே நிற்க, ஒரு மணி நேரத் தாமதம் ஒரு நாள் தாமதமாகிறது.

நெடுஞ்சாலையின் வடகோடியில் நிற்கும் சரக்குந்தின் ஓட்டுநர் நாமக்கல்லைச் சேர்ந்தவராகவும் இருக்கலாம். அவர் எவ்வூரினராயினும், அவர் வீட்டிலும் ஒரு குழந்தை வாசலைப் பார்த்துக் காத்திருக்கும். சாலையைத் திட்டமிடுவோரும் அதில் செல்வோரும் அக்குழந்தையை நினைத்துச் செயல்பட வேண்டும்.

சிந்தித்து எழுதுக

1. மண்சரிவிற்கு மழை மட்டுமே காரணமா? கட்டுரையின் கருத்தை விளக்குக.
2. வரிசையை மீறுவதால் மீறுபவருக்கும் இழப்பு ஏற்படுவது எவ்வாறு?
3. உங்கள் நகரில் சாலை மூடப்பட்டபோது கண்டதை ஐந்து தொடர்களில் எழுதுக.