ஏற்புறுதி பெறாத கையொப்பம்

2006 ஜூலை 11 மாலை, மும்பை மேற்கு ரயில் தடத்தில் மாட்டுங்கா ரோடு, மாஹிம் உள்ளிட்ட ஏழு இடங்களில் குண்டுகள் வெடித்து 180-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2015-இல் பன்னிருவர் தண்டிக்கப்பட்டனர். 2025 ஜூலை 21-இல் பம்பாய் உயர்நீதிமன்றம் அனைவரையும் விடுவித்தது. காவல்துறை பெற்ற வாக்குமூலங்களை நம்ப மறுத்தது. அவர்களுள் ஒருவர் 2021-இலேயே இறந்துவிட்டார். மேல்முறையீடு உச்சநீதிமன்றத்தில் உள்ளது.

மனித உரிமை பேசினால் பயங்கரவாதம் தழைக்கும் என்போர் விடை கூறட்டும்: பத்தொன்பது ஆண்டுகளில் மாண்டோரின் குடும்பங்களுக்குக் கிடைத்த நீதி எது?

சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997-இல் கையொப்பமிட்டது. இன்னும் ஏற்புறுதி அளிக்கவில்லை. இத்தயக்கத்தை அயல்நாட்டு நீதிமன்றங்களும் அறியும். 1995 புரூலியா ஆயுத வீச்சு வழக்கில் தேடப்படும் கிம் டேவியை ஒப்படைக்க, சித்திரவதை அபாயத்தைக் காட்டி 2011-இல் டென்மார்க் உயர்நீதிமன்றம் மறுத்தது. 1993 மும்பைக் குண்டுவெடிப்பு வழக்கின் அபு சலேமையோ, மரண தண்டனை விதிக்கப்படாது என்ற உறுதிமொழியின் பேரில் 2005-இல் போர்த்துகல் ஒப்படைத்தது. அவர் இங்கே விசாரிக்கப்பட்டுத் தண்டனையும் பெற்றார்.

உரிமைக்கு உறுதி தந்தபோது குற்றம் சாட்டப்பட்டவர் நீதிமன்றத்துக்கு வந்தார்; அந்த நம்பிக்கை இல்லாதபோது வரவில்லை. பயங்கரவாதத்தைத் தண்டிக்க விரும்பும் அரசு முதலில் அந்த ஏற்புறுதியை அளிக்கட்டும்.