சில்வர் பீச்சில் ஒரு கிளிக்: 'சூப்பர்' மட்டும் சொன்னால் போதுமா?

தேவனாம்பட்டினத்துக்கு எல்லை குறித்த கதை விசித்திரமானது. 1690-ல் இங்கிருந்த கோட்டையை மராத்தியரிடமிருந்து ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியது. அப்போது சென்னையில் கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும்? அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். கோட்டையிலிருந்து நாலா பக்கமும் பீரங்கியைச் சுட வேண்டும். குண்டு போய் விழும் தூரம் வரை உள்ள ஊர்கள் எல்லாம் கம்பெனிக்கு! 'குண்டு கிராமங்கள்' என்றே அவற்றுக்குப் பெயர் வந்தது. கடலூரை அடுத்த குண்டு உப்பலவாடியின் பெயரைக் கேட்டால் இன்றும் அந்தக் கதைதான் பலருக்கு நினைவுக்கு வரும்.

இப்போது அதே கரையில் தினமும் வேறு வகை 'ஷாட்'. பீரங்கி இருந்த இடத்தில் செல்போன். கேள்வி மட்டும் மாறவில்லை: எதுவரை எல்லை? எது உள்ளே, எது வெளியே? புகைப்படக்காரர்கள் கம்போசிஷன் என்று சொல்வது இதைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை மாலை சில்வர் பீச்சுக்குப் போய்வரும் குடும்பம் சர்வசாதாரணமாக 80, 100 படங்களோடு வீடு திரும்புகிறது. அதில் இருபது படங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்புக்குப் போகும். சித்தி ஒரு கைதட்டல் போடுவார். மாமா ஒரு 'சூப்பர்' போடுவார். அத்தோடு கதை முடிந்தது. அடுத்த மாதமும் அதே சாய்ந்த கடல், அதே கறுத்த முகம், அதே 'சூப்பர்'. எடுத்தவரிடம் ஆர்வம் இருக்கும், கையில் நல்ல கேமராவும் இருக்கும். என்ன தவறு என்று பக்குவமாக எடுத்துச் சொல்ல ஒரு ஆள்தான் இருக்காது.

சூரியன் எந்தப் பக்கம்?

சினிமாவில் கடலுக்குள் மறையும் சூரியனைப் பார்த்துப் பழகிய கண், இங்கே கொஞ்சம் ஏமாறும். தேவனாம்பட்டினம் கிழக்குக் கரை. சூரியன் கடலிலிருந்து எழும். மறைவது ஊர்ப் பக்கம்.

இந்த ஒரு விஷயம் தெரிந்தாலே பாதிப் படங்கள் தேறிவிடும். காலையில் கடலுக்கு முதுகைக் காட்டி நிற்பவரைப் படம் எடுத்தால் முகம் கறுத்துவிடும். வெளிச்சம் அவருக்குப் பின்னால் இருக்கிறதே! அந்த நேரத்தில் எடுப்பவர் கடலுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். எடுக்கப்படுபவர் கடலைப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் முகத்தை மறந்துவிட்டு, ஃபைபர் படகைத் தள்ளிக்கொண்டு போகிறவர்களின் கறுப்பு உருவத்தை மட்டும் எடுக்கலாம். அதுவும் அழகுதான். மாலையில் எல்லாம் தலைகீழ். ஊர்ப் பக்கமிருந்து வரும் மஞ்சள் வெயில் கரையில் ஏற்றி வைத்த படகுகள் மேலும், கடலைப் பின்னால் வைத்து நிற்கும் பாட்டி, பேரன் முகத்தின் மேலும் நேராக விழும். குடும்பப் படத்துக்கு அதுதான் நேரம்.

எடுப்பதற்கு முன்னால் இன்னொரு சின்ன வேலை உண்டு. உப்புக் காற்றில் பத்து நிமிடம் இருந்தாலே லென்ஸ் மேல் மெல்லிய படலம் படிந்துவிடும். படம் எல்லாம் பனி மூட்டம் போல வரும். மென்மையான, மணல் ஒட்டாத பருத்தித் துணியால் ஒரு முறை துடைத்தால் போதும்.

கோடுகள் எதற்கு?

செல்போன் கேமரா செட்டிங்ஸில் 'கிரிட்' என்று ஒன்று இருக்கும். அதை ஆன் செய்தால் திரையில் நெடுக்கே இரண்டு, குறுக்கே இரண்டு கோடுகள் வரும். ஒன்பது கட்டம். 'மூன்றில் ஒரு பங்கு விதி' என்பது இதன் அடிப்படை. கேமரா பிறப்பதற்கு முன்பே, 1797-ல் ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கில ஓவியர் இயற்கைக் காட்சி ஓவியங்களுக்காக இந்தப் பெயரை வைத்தார்.

கடல் படத்துக்கு இதன் பயன் நேரடியானது. தொடுவானத்தைக் குறுக்குக் கோட்டின் மேல் வைத்தால் கடல் சாயாது. மேகம் அழகாக இருந்தால் தொடுவானம் கீழ்க் கோட்டில். மணலும் வலையும் அழகாக இருந்தால் மேல் கோட்டில். நடுவில் வைத்தால் வானமா, மண்ணா என்று படமே முடிவெடுக்காமல் நிற்கும். கெடிலம் கடலில் கலக்கும் பக்கம் தண்ணீர் அசையாமல் கிடக்கும் நேரத்தில், மேலே இருப்பது கீழேயும் தெரிந்தால், அப்போது நடுவில் வைப்பதே சரி. விதி கண்ணைப் பழக்கத்தான். கண்ணைக் கட்டிப்போட அல்ல.

கோடுகளை விட முக்கியம், ஓரங்கள். பட்டனை அழுத்தும் முன் திரையின் நான்கு ஓரத்தையும் ஒரு சுற்று பார்க்கும் பழக்கம் வந்தால், தலையில் முளைத்த விளக்குக் கம்பம், பாதி வெட்டுப்பட்ட பைக், யாரோ ஒருவரின் முழங்கை எல்லாம் காணாமல் போகும். இரண்டடி நகர்ந்தால் தீர்கிற பிரச்னைகள் இவை. ஜூம் செய்வதற்குப் பதில் நடந்து கிட்டே போவது நல்லது, படம் உடையாது. குழந்தையை எடுக்க வேண்டுமா, மணலில் உட்கார வேண்டியதுதான். குழந்தையின் கண் உயரத்தில் கேமரா இருந்தால் அலை எவ்வளவு பெரியது என்று படம் பார்ப்பவருக்கும் தெரியும்.

மாசி மகத்தன்று தீர்த்தவாரிக்காக சுவாமிகள் இந்தக் கரைக்கு எழுந்தருளும்போது கூட்டம் அலைமோதும். எல்லாவற்றையும் ஒரே படத்தில் அடைக்க நினைத்தால் ஒன்றுமே தெரியாது. ஒரு குடை, ஒரு தோள், அதைத் தாங்கும் ஒரு கை. ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் கூட்டம் தானாகப் புரியும்.

கடலூரில் எடுத்த ஒரு படம்

எதை உள்ளே வைப்பது, எதை விடுவது என்பதற்கு உலகம் அறிந்த உதாரணம் இதே கடலூர்க் கரையில் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் தேவனாம்பட்டினம் உட்பட கடலூர் மாவட்ட மீனவ ஊர்கள் பட்ட பாடு இந்தக் கரையில் யாருக்கும் மறக்காது. இரண்டு நாள் கழித்து, டிசம்பர் 28 அன்று, ராய்ட்டர்ஸ் நிறுவனத்தின் புகைப்படக்காரர் ஆர்கோ தத்தா இங்கே ஒரு படம் எடுத்தார். உறவினரை இழந்த ஒரு பெண் மணலில் குப்புற விழுந்து, உள்ளங்கைகளை மேல்நோக்கி விரித்தபடி அழுகிறார். இறந்தவரின் உடல் படத்தில் முழுதாக இல்லை. ஓரத்தில் ஒரு கை மட்டும். மற்றதெல்லாம் வெறும் மணல்.

அந்தப் படம் 2004-ம் ஆண்டின் உலகப் பத்திரிகைப் புகைப்படமாகத் தேர்வானது. இடிந்த வீடுகள் அதில் இல்லை, கவிழ்ந்த படகுகள் இல்லை, கூட்டம் இல்லை. ஆனால், பார்த்தவர்களுக்கு எல்லாம் புரிந்தது. இறந்தவரின் முகத்தைக் காட்டாமல் விட்டதில் மரியாதையும் இருக்கிறது. அந்த ஒரு கையைக் காட்டியதில் உண்மையும் இருக்கிறது. ஓரத்தில் எது நிற்க வேண்டும் என்பது வெறும் அழகு சம்பந்தப்பட்ட முடிவல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

சுற்றுலா வந்தவர் எடுக்கும் படத்துக்கும் இது பொருந்தும். மீன் ஏலம் போடும் இடத்தில் கூடையோடு உட்கார்ந்திருக்கும் அம்மா, யாருடைய செல்ஃபிக்கும் பின்னணி அல்ல. "ஒரு படம் எடுத்துக்கட்டுமாம்மா?" என்று கேட்க ஐந்து நொடி ஆகும். 'வேண்டாம்' என்றால் விட்டுவிட வேண்டும். 'சரி' என்றால் எடுத்ததை அவரிடம் காட்ட வேண்டும். அந்தப் படத்துக்கு முதல் விமர்சகர் அவர்தான்.

மதுரை ஜவகர்லால்புரத்தில் மீன் விற்ற தாயின் மகனாக வளர்ந்த எம்.பழனிக்குமார், இன்று பரவலாக அறியப்பட்ட ஆவணப் புகைப்படக் கலைஞர். மீனவப் பெண்களையும், பாசி எடுக்கக் கடலுக்குள் மூழ்கும் பெண்களையும், தூய்மைப் பணியாளர்களின் வாழ்க்கையையும் படமாக்கியவர். உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கேமராவைக் கொடுத்து சொல்லிக்கொடுத்தும் வருகிறார். கரையில் வாழ்கிறவர்களே கேமராவைப் பிடித்தால், தூரத்திலிருந்து வந்தவர் கண்ணில் படாதது படத்துக்குள் வரும்.

குறை சொல்வதும் ஒரு கலை

தஞ்சாவூரில் பிறந்து பெங்களூருவில் வாழ்ந்த டி.என்.ஏ.பெருமாள், இந்தியாவின் பெரிய வன உயிர்ப் புகைப்படக் கலைஞர்களில் ஒருவர். 2017-ல் மறைந்தார். அவரும் தானாகவே எல்லாவற்றையும் கற்றுக்கொள்ளவில்லை. ஓ.சி.எட்வர்ட்ஸ் என்ற மூத்தவர் அவருக்கு வழிகாட்டியாக இருந்தார். பிறகு பெருமாள் பலருக்கு வழிகாட்டினார். புகைப்பட கிளப்புகளில் இந்தப் பழக்கம் இன்றும் உண்டு. படத்தை எல்லோர் முன்னும் வைப்பார்கள். எடுத்தவர் வாய் திறக்கக் கூடாது. மற்றவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும்.

வீட்டிலும் இதைச் செய்யலாம். பத்தாவது படிக்கும் தங்கை ஒரு படம் அனுப்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம். வலை பின்னும் ஒரு பெரியவர். வலது ஓரத்தில் ஒரு பைக். 'மொக்கை' என்று அண்ணன் எழுதினால் அவள் அடுத்த படம் அனுப்ப மாட்டாள். 'செம' என்று எழுதினால் அடுத்த படத்திலும் பைக் வரும். "பாப்பா, தாத்தாவோட விரல்தான் முதல்ல கண்ணுல படுது, அருமையா இருக்கு. ஆனா அந்த பைக் கண்ணை இழுக்குது. அதை வெட்டிட்டுப் பாரேன்" என்று எழுதினால்? அவளுக்கு மூன்று விஷயம் கிடைக்கிறது: எது பிடித்தது, எது இடிக்கிறது, இப்போதே என்ன செய்யலாம்.

நல்ல விமர்சனத்துக்கு இந்த மூன்றே போதும். குறை ஒன்றுக்கு மேல் வேண்டாம். ஐந்து குறையை ஒரே நேரத்தில் கேட்டால் பெரியவர்களுக்கே மனம் சோர்ந்துவிடும். பேச்சு படத்தைப் பற்றியதாக இருக்க வேண்டும். 'கொஞ்சம் குண்டா தெரியிற', 'கலர் கம்மியாயிட்ட' என்பதெல்லாம் படத்துக்கான விமர்சனம் அல்ல. அதைச் சொல்லாமலிருப்பதே நாகரிகம்.

கேட்பவருக்கும் ஒரு பொறுப்பு உண்டு. 'அப்போ வெளிச்சம் சரியில்ல, பின்னாடி ஆள் தள்ளிட்டாங்க' என்று காரணம் சொல்ல ஆரம்பித்தால் காது மூடிக்கொள்ளும். படம் பார்ப்பவர் கூட அந்தக் காரணங்கள் போகப்போவதில்லை. 'எப்படி இருக்கு?' என்று கேட்டால் 'நல்லா இருக்கு' என்ற பதில்தான் வரும். 'முதல்ல உங்க கண் எங்க போச்சு?' என்று கேட்டுப் பாருங்கள், உண்மை வெளியே வரும்.

யாரும் பக்கத்தில் இல்லையா? ஹென்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் செய்ததைச் செய்யலாம். 1950 ஏப்ரல் 14-ல் ரமண மகரிஷி மறைந்தபோது திருவண்ணாமலையில் இருந்த உலகப் புகழ்பெற்ற பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் அவர். படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பது அவர் வழக்கம். தலைகீழாகப் பார்த்தால் 'இது என் பிள்ளை, இது என் ஊர்' என்ற பாசம் விலகி, வடிவமும் வெளிச்சமும் மட்டும் தெரியும். செல்போனில் ஆட்டோ ரொட்டேட்டை நிறுத்திவிட்டுத் திருப்பினால் போதும்.

இந்த வாரப் பயிற்சி

பக்கத்தில் இருக்கும் கடற்கரை, குளக்கரை, சந்தை எதுவானாலும் சரி. ஒரே பொருளை மட்டும் முப்பது முறை எடுக்க வேண்டும். ஒரு படகு, ஒரு டீக்கடை, ஒரு வேப்பமரம். ஒவ்வொரு முறையும் நிற்கும் இடம் மாற வேண்டும்: உட்கார்ந்து, ஏறி, கிட்டே, தள்ளி, எதிர்ப்பக்கம். வீட்டுக்கு வந்து முப்பதில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மனதில் பட்டதைச் சொல்லக்கூடிய ஒருவரிடம் மட்டும் காட்ட வேண்டும். அவர் சொல்லும் ஒரே ஒரு குறையை எழுதி வைத்துக்கொண்டு, அடுத்த வாரம் அதே இடத்துக்கு, அதே நேரத்துக்குப் போய் மறுபடி எடுக்க வேண்டும்.

இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, 'சூப்பர்' என்ற சொல்லை யாரும் சொல்லத் தேவையிருக்காது.