கள்ளக்கடலும் சித்தப்பாவும்

மே மாசம் வந்தால் வள்ளியூர்க்காரனுக்கு இரண்டு கஷ்டம். ஒன்று வெயில். இன்னொன்று, சென்னையிலிருந்து வந்து இறங்கும் சொந்தபந்தம். வெயிலுக்காவது பதநீர் இருக்கிறது!

இந்த வருஷம் வந்தது சித்தப்பாவும் சித்தியும். பெட்டியைக் கீழே வைப்பதற்குள், "ஏல, கன்னியாகுமரிக்குப் போயி போட்ல ஏறணும்" என்றார் சித்தப்பா.

போனோம். படகுத்துறையில் கதவைப் பூட்டி, 'கடல் சீற்றம், படகு கிடையாது' என்று எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். சித்தப்பாவுக்கு வந்ததே கோபம்!

"வானத்துல ஒரு பொட்டு மேகம் உண்டுமா? காத்து அடிக்குதா? எவனுக்கோ வேலை பார்க்க வணங்கலை. அதுக்குக் கடல் மேல பழி!"

அங்கே வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "கள்ளக்கடல் வே" என்றார். அந்த ஒரு வார்த்தைதான்.

கள்ளன் சொல்லிவிட்டா வருவான்? அதேமாதிரிதான் இந்தக் கடலும். எங்கேயோ ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, தெற்கு இந்தியப் பெருங்கடலில் புயல் அடிக்கும். அங்கே கிளம்பிய அலை சில நாள் கழித்து நம்ம கரைக்கு வந்து சேரும். இங்கே காற்றும் இருக்காது, மழையும் இருக்காது. திடீரென்று கடல் ஏறும். மீனவர்கள் வைத்த பேரையே விஞ்ஞானிகளும் எடுத்துக்கொண்டார்கள்; 2012-ல் யுனெஸ்கோவும் ஏற்றுக்கொண்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், கள்ளக்கடல் அதிகம் வருவது ஏப்ரல், மே மாதங்களில். அதாவது, சித்தப்பாக்கள் வரும் சீஸனில்!

வேடிக்கை இல்லாத விஷயமும் உண்டு. 2024 மே 6-ம் தேதி, இதே குமரி மாவட்டத்தில் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை இழுத்துக்கொண்டு போய்விட்டது. டாக்டராக வேண்டிய பிள்ளைகள். கள்ளக்கடல் எச்சரிக்கை முன்கூட்டியே வந்திருந்தது. இதைச் சொன்னதும் சித்தப்பா சத்தம் காட்டாமல் சுக்குக் காப்பி குடித்தார்.

மூன்றாம் நாள் கடல் அடங்கியது. வரிசையில் நின்று, ஆரஞ்சு கலர் மிதவைச் சட்டை மாட்டி, படகில் ஏறினோம். பூம்புகார் கப்பல் கழகத்துப் படகுகளுக்குப் பொதிகை, குகன், தாமிரபரணி என்றெல்லாம் பெயர். ஆற்றில் தண்ணீர் இருக்கிறதோ இல்லையோ, கடலில் தாமிரபரணி மிதக்கிறது! போட்டோவுக்கு நன்றாக இல்லை என்று சட்டையைக் கழற்றப் போனார் சித்தப்பா. "போட்டோவா, தாலியா?" என்று கேட்டாள் சித்தி. முடிச்சு இறுகியது.

விவேகானந்தர் 1892 டிசம்பரில் தவமிருந்த பாறை. 1970-ல் மண்டபம் கட்டித் திறந்தார்கள். கரையிலிருந்து அரை கிலோமீட்டர்கூட வராது. ஆனால் பாறை விளிம்போடு நடந்து பாருங்கள். காற்று வேட்டியை உருவுகிறது, வெயிலில் காய்ந்த கல் உள்ளங்காலை வறுக்கிறது, கீழே அலை வந்து மோதி நொறுங்குகிறது. 2004 டிசம்பர் 26-ம் தேதி சுனாமியன்று நூற்றுக்கணக்கானவர்கள் இதே இடத்தில் மாட்டிக்கொண்டு நின்றார்கள். வள்ளத்தைக் கொண்டுவந்து அவர்களைக் கரை சேர்த்தவர்கள் மீனவர்கள். அன்றைக்கு அவர்கள் குப்பங்களிலேயே சாவு விழுந்திருந்தது.

பக்கத்துப் பாறையில் 133 அடி வள்ளுவர். முன்பெல்லாம் நீர்மட்டம் இறங்கினால் படகு அங்கே போகாது. தூரத்திலிருந்தே கும்பிடு போட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். 2024 டிசம்பர் 30-ல் 77 மீட்டர் நீளத்துக்குக் கண்ணாடிப் பாலம் திறந்ததிலிருந்து அந்தக் குறை இல்லை. காலுக்குக் கீழே கண்ணாடி, அதற்குக் கீழே கடல்.

சித்தி பாட்டுக்கு நடந்து பாதிப் பாலம் தாண்டிவிட்டாள். சித்தப்பா ஓரத்துக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என் காதில் கேட்டார்:

"ஏல, இதுக்கும் அந்த ஆரஞ்சுச் சட்டை குடுப்பாவளா?"