எண்பது மணி நேரக் கணக்கு

உடம்பில் தெம்பு இருக்கிறவன் உழைக்கட்டும், சும்மா உட்கார்ந்துகொண்டு அரசாங்கப் பணத்தில் வைத்தியம் பார்க்க வேண்டாம். அமெரிக்காவில் 2025 ஜூலை 4 அன்று அதிபர் டிரம்ப் கையெழுத்திட்ட சட்டத்தின் மெடிக்கெய்ட் பகுதியை இப்படிச் சொல்லித்தான் விற்றார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் காமர்ஸ் படிக்கிற எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. யார் என்ன நியாயம் பேசினாலும், வரவு செலவு எங்கே என்று கேட்கத் தோன்றும். இதில் கேட்டுப் பார்த்தால் நியாயம் ஆட்டம் கண்டுவிடுகிறது.

முதலில் விஷயம் என்ன என்று பார்த்துவிடுவோம். மெடிக்கெய்ட் என்பது ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடு. 1965ல் வந்தது. செலவை மத்திய அரசும் மாநிலங்களும் பகிர்ந்துகொள்கின்றன. 2010ல் ஒபாமா கொண்டுவந்த சட்டத்துக்குப் பிறகு, வறுமைக்கோட்டில் 138 சதவீதம் வரை வருமானம் உள்ள, 65 வயதுக்குட்பட்ட பெரியவர்களையும் சேர்க்க வழி பிறந்தது. 2025 கணக்கில் தனியாளுக்கு வருடத்துக்குச் சுமார் 21,600 டாலர். 40 மாநிலங்கள் இவர்களைச் சேர்த்துக்கொண்டன.

இந்தப் பிரிவினருக்குத்தான் இப்போது புது நிபந்தனை. சட்டம் வைத்திருக்கும் கெடு 2027 ஜனவரி 1. 19 முதல் 64 வயது வரை உள்ளவர்கள் மாதம் 80 மணி நேரம் வேலையோ, பயிற்சியோ, சமூக சேவையோ செய்ததாக நிரூபிக்க வேண்டும். இல்லையென்றால் பாதி நேரமாவது எங்காவது படித்துக்கொண்டிருக்க வேண்டும். கர்ப்பிணிகள், 13 வயது வரையுள்ள பிள்ளைகளின் பெற்றோர், கடும் நோயாளிகள் போன்றவர்களுக்கு விலக்கு உண்டு. தகுதிச் சரிபார்ப்பும் வருடத்துக்கு ஒரு முறை என்பது போய், ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஆகிறது.

சரி, கணக்குக்கு வருவோம். அமெரிக்க நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகம் கட்சி சாராதது. இந்த வேலை நிபந்தனையால் மட்டும் பத்து வருடத்தில் மத்திய அரசுக்குச் சுமார் 32,600 கோடி டாலர் மிச்சமாகும் என்று அது மதிப்பிட்டது. கூடவே இன்னொன்றும் சொன்னது. 2034ல் இதனால் 53 லட்சம் பேர் கூடுதலாகக் காப்பீடு இல்லாமல் இருப்பார்கள்.

இங்கேதான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நிபந்தனையை எல்லோரும் ஒழுங்காக நிறைவேற்றிவிட்டால் எவ்வளவு மிச்சமாகும்? பெரிதாக ஒன்றும் ஆகாது. 80 மணி நேரம் வேலை செய்பவருக்கும் காப்பீடு தொடரத்தானே செய்யும்? ஆக, ஆட்கள் கழன்று விழுந்தால்தான் இந்த மிச்சம் கிடைக்கும். விழுவார்கள் என்று எதிர்பார்த்தே பட்ஜெட் போட்டிருக்கிறார்கள்.

விழப் போவது சோம்பேறிகள்தானே என்று நினைத்தால் அதுவும் இல்லை. கே.எஃப்.எஃப் என்ற ஆய்வு நிறுவனம் 2023ஆம் வருடத் தகவல்களை வைத்துப் பார்த்தது. ஊனமுற்றோர் உதவித்தொகையோ மெடிகேரோ பெறாத, 65 வயதுக்குட்பட்ட மெடிக்கெய்ட் பெரியவர்களில் 64 சதவீதம் பேர் ஏற்கெனவே வேலை செய்கிறார்கள். 28 சதவீதம் பேர் நோய், படிப்பு, வீட்டில் யாரையாவது பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்று ஏதோ ஒரு காரணத்தால் வேலையில் இல்லை. மீதி 8 சதவீதம். அந்த எட்டுப் பேரைப் பிடிக்க நூறு பேரையும் சல்லடையில் போட்டுச் சலிக்கிறார்கள்.

சலித்தால் என்ன ஆகும் என்பதற்கு முன்னுதாரணமே இருக்கிறது. ஆர்கன்சா மாநிலம் 2018ல் இதைச் செய்து பார்த்தது. வேலை செய்த விவரத்தை முதலில் இணையத்தில் மட்டுமே பதிய முடியும். அந்தத் தளமும் இரவு 9 மணிக்கு மூடிக் காலை 7 மணிக்குத்தான் திறக்கும்! சில மாதங்களில் 18,000 பேருக்கு மேல் காப்பீட்டை இழந்தார்கள். 2019 மார்ச்சில் நீதிமன்றம் தடுத்து நிறுத்தியது. பிறகு வெளிவந்த ஹார்வர்டு ஆய்வு என்ன சொன்னது தெரியுமா? வேலைக்குப் போவோர் எண்ணிக்கை கூடவே இல்லை. இலக்கு வைக்கப்பட்டவர்களில் 95 சதவீதத்துக்கு மேற்பட்டோர் ஏற்கெனவே நிபந்தனையை நிறைவேற்றியவர்கள் அல்லது விலக்குக்கு உரியவர்கள்.

ஜார்ஜியா 2023 ஜூலையில் தொடங்கிய திட்டம் இன்னும் வேடிக்கை. 2025 வரையிலான கணக்கில், சிகிச்சைக்குச் செலவானதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு நிர்வாகத்துக்கே போயிருக்கிறது. மருந்துக்கு ஒரு ரூபாய், அந்த மருந்துக்குத் தகுதி உண்டா என்று பார்க்க இரண்டு ரூபாய் மாதிரி!

வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட் நேரம் மாறும் ஓட்டல் பணியாளர், கையில் காசு வாங்கிக்கொண்டு வீட்டு வேலை செய்யும் பெண், சீசனுக்கு மட்டும் கூப்பிடப்படும் தோட்டத் தொழிலாளி, இவர்களெல்லாம் எந்தக் காகிதத்தைக் காட்டுவார்கள்? போதாக்குறைக்கு, இந்த நிபந்தனையில் தவறியவர் தனியார் காப்பீடு வாங்கப் போனால், அங்கே வழக்கமாகக் கிடைக்கும் வரிச்சலுகை மானியமும் கிடையாது என்று சட்டம் சொல்கிறது. இரண்டு கதவும் அடைபடுகிறது.

அதற்காக நோய் வராமல் இருக்குமா? 1986லிருந்து அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறவரைப் பணமில்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது என்பது அங்கே சட்டம். மாத்திரையில் அடங்கியிருக்க வேண்டிய சர்க்கரை நோய் முற்றிப்போய் அங்கே வந்து சேரும். அந்த பில் மருத்துவமனைப் புத்தகத்தில் வாராக்கடனாக ஏறும். செலவு ஒரு பேரேட்டிலிருந்து இன்னொரு பேரேட்டுக்கு மாறியதை மிச்சம் என்று எந்த ஆடிட்டரும் எழுத மாட்டார்.

உழைப்பின் மேல் உண்மையிலேயே அக்கறை இருந்தால் செய்ய வேண்டியது எளிது. சம்பளப் பதிவும் வரிப் பதிவும் அரசாங்கத்திடமே இருக்கின்றன. கைவசம் உள்ள தகவலை முடிந்தவரை பயன்படுத்துங்கள் என்று இந்தச் சட்டமே மாநிலங்களுக்குச் சொல்கிறது. அதை ஒழுங்காகச் செய்யட்டும். தகுதியில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அரசாங்கத்துடையதாக இருக்கட்டும், பதிவில் பெயர் கிடைக்காதவரின் காப்பீட்டை உடனே வெட்டாமல் விசாரிக்கட்டும்.

அப்படிச் செய்தால் அந்த 32,600 கோடி டாலர் மிச்சம் வராது என்பார்கள். ஆமாம், வராதுதான். அது யாருடைய மருந்துக் காசு என்பது அப்போதாவது எல்லோருக்கும் புரியும்.